ராமசேரி இட்லியும் ஆவிப் பாத்திரத்தின் வரலாறும்

இட்லி எங்கே தோன்றியது என்னும் ஆராய்ச்சி பெரும்பாலும் ஏடுகளை நம்பியே நடந்து வந்திருக்கிறது. அடுப்பங்கரைப் பாத்திரங்களைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் குறைவு. பாலக்காட்டு நகரின் கிழக்குப் புறத்தில், தமிழ்நாட்டு எல்லையை நோக்கிய பக்கத்தில், எலப்புள்ளி ஊராட்சியைச் சேர்ந்த ராமசேரி என்னும் சிற்றூரில் சில குடும்பங்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சுட்டு விற்றுவரும் இட்லி, அந்த ஆராய்ச்சியில் விடுபட்டுப்போன ஒரு சான்றாக நிற்கிறது.

ஏடுகள் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம். இட்லியின் பெயரை ஒத்த சொல் முதன்முதலாகத் தென்படுவது தமிழில் அன்று, கன்னடத்தில். ஏறத்தாழ 920-இல் சிவகோட்யாசாரியர் எழுதிய 'வட்டாராதனெ' என்னும் சமண உரைநடை நூல், விருந்தாக வந்த பிரமசாரிக்குப் படைக்கப்பட்ட பதினெட்டு வகைப் பண்டங்களுள் 'இட்டலிகெ' என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. 1025 அளவில் இரண்டாம் சாவுண்டராயர் இயற்றிய 'லோகோபகாரம்' செய்முறையையே தருகிறது: உளுந்தை மோரில் ஊறவைத்து மைய அரைத்து, தயிரின் தெளிநீரும் சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயமும் சேர்க்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வழங்கும் 'மானசோல்லாசம்' காட்டும் பண்டமும் உளுந்தால் ஆனதே. தமிழ் இலக்கியத்தில் இப்பெயர் 17-ஆம் நூற்றாண்டின் மச்சபுராணத்தில்தான் வருகிறது என்பர். இட்லி இல்லாத தமிழகத்தை எண்ணிப்பார்க்கவே இன்றைய தமிழருக்குக் கடினம் என்பதால், இந்தத் தாமதம் சிலருக்கு மனக்குறையாகவும் இருக்கக்கூடும்.

இந்தச் சான்றுகளை வரிசைப்படுத்திய உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா, இன்றைய இட்லிக்கு இன்றியமையாத மூன்று கூறுகள் பழைய குறிப்புகளில் இல்லை என்று சுட்டினார்: உளுந்தோடு அரிசி சேர்ப்பது, மாவை நெடுநேரம் புளிக்கவிடுவது, ஆவியில் வேகவைப்பது. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி யுவான் சுவாங், இந்நாட்டில் ஆவியில் வேகவைக்கும் பாத்திரம் இல்லை என்று எழுதியிருப்பதையும் அவர் துணைக்குக் கொண்டு, 800-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட காலத்தில், இந்தோனேசியத் தீவுகளின் இந்து அரசர்களோடு வந்துபோன சமையற்காரர்கள் இந்த நுட்பத்தைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதினார். கருத்து கவர்ச்சியானது, அதன் பின் எழுதப்பட்ட எண்ணற்ற கட்டுரைகளில் 'இருக்கலாம்' என்பது 'இருந்தது' ஆகிவிட்டது.

இந்த வாதத்தின் அச்சாணி பாத்திரம்தான். ராமசேரியில் பயன்படும் பாத்திரத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அது எவ்வளவு எளியது என்பது விளங்கும். தண்ணீர் கொதிக்கும் ஒரு பானை. அதன் வாயில் பொருந்தும்படி குயவர் வனைந்த, நடுவில் திறந்த மண் வளையம். அந்த வளையத்தின் குறுக்கும் நெடுக்குமாக வலைபோல் இழுத்துக் கட்டிய நூல். வலையின் மேல் நனைத்துப் பிழிந்த ஒரு துணி. துணிமேல் ஒரு கரண்டி மாவை ஊற்றிப் பரப்பி, அதன்மேல் இன்னொரு வளையத்தை ஏற்றி, அதிலும் ஊற்றி, உச்சியில் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடிவிடுகிறார்கள். கீழிருந்து எழும் ஆவி நூலிடைவெளி வழியாகத் துணியைக் கடந்து மாவை வேகவைக்கிறது. வெந்தபின் துணியோடு தூக்கிக் கவிழ்த்து உரித்தெடுத்தால், குழியில் வார்த்த இட்லியின் புடைப்பு இல்லாமல், சிறு தோசை அளவில் தட்டையாகவும் மெத்தென்றும் இருக்கும் இட்லி கிடைக்கிறது. அதற்குத் தேங்காயெண்ணெயில் குழைத்த பொடியே முதல் துணை; சட்டினியும் சாம்பாரும் அதற்கு அடுத்தபடிதான்.

இதைச் சுடுவோர் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த முதலியார் குடும்பத்தினர். காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருப்பூர் என அவர்களுடைய பூர்விகம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. எல்லை கடந்து வந்தவர்கள் என்று அவர்களைக் குறிப்பது இன்றைய வரைபடத்தைப் பழங்காலத்தின் மேல் விரிப்பதாகும். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கும் மலபாருக்கும் இடையே வணிகரும் நெசவாளரும் வெகுகாலம் நடந்தும் மாட்டுவண்டியிலும் போய்வந்தனர். 1862-இல் அதே கணவாய் வழியே பேப்பூரிலிருந்து போத்தனூருக்கு இருப்புப்பாதை நிறைவுற்றது. ஆலைத்துணி வந்து கைத்தறி வருமானம் சுருங்கியபோது, பெண்கள் சுட்ட இட்லி வீட்டுக்கு வரும்படி ஆயிற்று. கூடையில் அடுக்கித் தலைச்சுமையாக அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் வயல்வேலை செய்வோரிடமும் கொண்டுபோய் விற்றார்கள். இரண்டு நாள் ஆனாலும் கெடாது என்ற பெயர் அந்த இட்லிக்கு இருப்பதற்கு இந்தத் தெருத்தெருவான விற்பனையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பூர்விகம் காஞ்சிபுரம் என்னும் வழக்கை ஏற்றால் ஓர் ஒப்பீடு தானாகவே முன்வருகிறது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் இட்லி, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் கூடையில், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேகவைக்கப்படுகிறது. அங்கே மூங்கில், இங்கே நூல். இரண்டிலும் ஆவிக்கென்று தனியே வார்த்த உலோகப் பாத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மூங்கில் குழாயில் வேகும் கேரளத்துப் புட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. 9-ஆம் நூற்றாண்டினர் என்று பலரும் கொள்ளும் மாணிக்கவாசகரின் திருவாசகம், சிவபெருமான் பிட்டுக்காக மண் சுமந்த கதையை எல்லோரும் அறிந்த செய்தியாகவே குறிப்பிடுகிறது. அக்கதையில் வரும், மதுரையில் பிட்டு விற்ற கிழவியிடம் அதை அவிக்க ஏதோ ஒரு சாதனம் இருந்தாக வேண்டும். கடல் கடந்து சமையற்காரர் வந்த பிறகுதான் தமிழர் ஆவியை அறிந்தார்கள் என்பது, இதை வைத்துப் பார்த்தால், அவ்வளவு உறுதியான முடிவாகத் தோன்றவில்லை.

யுவான் சுவாங் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. சீனத்தில் ஆவிப் பாத்திரம் அடியில் துளைகள் கொண்ட தனிக்கலம். வெண்கலத்திலும் மண்ணிலும் அதை மிகப் பழங்காலந்தொட்டே செய்துவந்தார்கள். அத்தகைய கலத்தை எதிர்பார்த்த கண்ணுக்கு, துணி கட்டிய பானை வெறும் பானையாகவே தெரிந்திருக்கும். அகழாய்வுக்கும் இதே சங்கடம் உண்டு: ராமசேரி அடுக்கு ஒன்று உடைந்து மண்ணுக்குள் போனால் நூலும் துணியும் சில ஆண்டுகளில் மக்கிப்போகும், எஞ்சுவது பானை ஓடுகளும், ஏதோ ஒரு கலத்தின் விளிம்பு என்று எண்ணி ஒதுக்கத்தக்க மண் வளையத் துண்டுகளும் மட்டுமே.