வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா, பெருசு?

மல்லாட்டை பிடுங்கற வேலை நேத்தோட முடிஞ்சது. ரெண்டு மாசமா எதுவும் எழுதல. வேலை ஒரு காரணம். வீட்ல நடந்த ஒரு விஷயம் இன்னொரு காரணம். அதைத்தான் இன்னைக்கு எழுதறேன்.

எங்க ஊரு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துல இருக்கு. வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், கழனி அந்தப் பக்கம். நடுவுல ஜி.எஸ்.டி. ரோடு. சென்னையில இருந்து திருச்சி, மதுரைக்குக் கார்ல போற நீங்க எல்லாரும் எங்க கழனியைத் தாண்டித்தான் போயிருப்பீங்க.

அப்பாவுக்கு 78 வயசு. டிவிஎஸ் எக்ஸ்எல்-ல தினமும் கழனிக்குப் போய், சாயங்காலம் பின்னாடி ஒரு புல்லுக்கட்டு வெச்சுக்கிட்டு வருவார். தை மாசம் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம், ரோட்டைத் தாண்டும்போது ஒரு கார் பிரேக் அடிச்சு, டயர் தேய்ஞ்சு, அப்பாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. அடி ஒண்ணும் படல. ஓட்டிக்கிட்டு வந்த பையன் கண்ணாடியை இறக்கி, "யோவ் பெருசு, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா? இந்த வயசுல உனக்கெல்லாம் எதுக்குய்யா வண்டி?"ன்னு கத்திட்டுப் போயிட்டான்.

இதை அப்பா சொல்லல. பக்கத்துக் கழனிக்காரர் சொல்லித்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி வண்டிச் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சேன். காலையில அப்பா தேடினார். ஒரு வார்த்தை கேக்கல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே கிளம்பிட்டார்.

மூணாவது நாள்தான் எனக்கு உறைச்சுது. வண்டியில தாண்டின அதே ரோட்டை இப்ப மனுஷன் நடந்து தாண்டுறார், அதுவும் இன்னும் மெதுவா. சாவியை ஒளிச்சு வெச்சு நான் எதைக் காப்பாத்தினேன்?

அந்தப் பையன் சொன்னதுல எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம்னு அதுக்கப்புறம் யோசிக்க ஆரம்பிச்சேன். இந்த ரோட்டுல வண்டி ஓட்டறதும் வயசாகுறதும் எப்படியெல்லாம் மாறி வந்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப இங்க வண்டின்னா மாட்டு வண்டிதான். கரும்பு வெட்டு சமயத்துல முண்டியம்பாக்கம் ஆலைக்கு வண்டிங்க வரிசையா போகும். அதுல முன்வண்டியில உக்காந்திருக்கிறது பெரும்பாலும் ஊர்லயே வயசான ஆளாத்தான் இருப்பார். மாடு எங்க மிரளும், எந்த ஏத்தத்துல முட்டுக்கட்டை வேணும்னு அவருக்குத்தான் தெரியும். திரும்பி வரும்போது தூங்கிட்டாலும் மாடு வீடு வந்து சேந்துடும். வண்டிக்காரருக்குக் கண்ணு மங்கினா மாட்டுக்குக் கண்ணு இருக்கு. அந்தக் காலத்துல வண்டி ஓட்டுறவனுக்கு வயசுங்கறது மதிப்பு. "அவரு ஓட்டுனா பயமில்ல"ன்னு பொம்பளைங்க, புள்ளைங்களை நம்பி ஏத்திவிடுவாங்க.

அப்புறம் பஸ்ஸு. தமிழ்நாட்டுல 1972-ல அரசு போக்குவரத்துக் கழகங்களை ஆரம்பிச்சாங்க. 1975-ல விழுப்புரத்தைத் தலைமையிடமா வெச்சு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்துச்சு. எங்க பக்கத்துப் பையனுங்களுக்கு டிரைவர் வேலைன்னா அப்ப கலெக்டர் வேலை மாதிரி. வேலையோட கூடவே ஒரு புது வழக்கமும் வந்துச்சு, ரிட்டயர்மெண்ட். 58 வயசு முடிஞ்ச அன்னிக்கு மாலை போட்டு அனுப்பிடுவாங்க. நேத்து வரைக்கும் அம்பது அறுபது உசுரை நம்பி ஒப்படைச்ச அதே ஆளுக்கு இன்னிக்கு வயசாயிடுச்சு.

2020 மே மாசம், கொரோனா சமயத்துல, அரசாங்கம் ஓய்வு வயசை 59 ஆக்குச்சு. மறு வருஷம் 60 ஆக்குச்சு. அப்போ 58-ல போன பார்வை 60-க்குத் திரும்பி வந்துடுச்சான்னு டீக்கடையில சிரிச்சுக்கிட்டோம். கஜானா கணக்குக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா ஒரு எண்ணை எழுதி வெச்சுட்டா, அந்த எண்ணுலதான் மனுஷன் கெட்டுப் போறான்னு ஊரே நம்ப ஆரம்பிச்சுடுது.

அதே 1976-ல மதுரையில 58 வயசுல அரசு வேலையில இருந்து ஓய்வு பெற்ற ஒரு கண் டாக்டர் என்ன பண்ணினார்னு உங்களுக்குத் தெரியும். டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப் போன மனுஷன். 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். கோணின விரலாலயே கண்புரை ஆபரேஷன் பண்ணினவர் அவர். கை நடுங்குற வயசு எதுன்னு காலண்டரைப் பாத்துச் சொல்ல முடியாது.

எங்க ஊரு பெரியவங்க வாழ்க்கையை மாத்தினது பஸ்ஸு கூட இல்ல, டிவிஎஸ் 50. 1980-ல ஓசூர்ல இருந்து வந்துச்சு. கியர் இல்ல, கிளட்ச் இல்ல, எடை கம்மி. அதுக்கு முன்னாடி சைக்கிள் மிதிக்க முட்டி ஒத்துழைக்கலன்னா மனுஷன் திண்ணைக்கு வந்துட வேண்டியதுதான். இந்த வண்டி வந்ததும் அறுபது வயசுக்காரர் உர மூட்டையை முன்னாடி வெச்சுக்கிட்டு கழனிக்குப் போனார், பால் கேனை மாட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போனார். எங்க அப்பா 1985-ல பழைய வண்டி ஒண்ணு வாங்கினார். இப்ப இருக்கிறது மூணாவது வண்டி. அவரைப் பொறுத்தவரைக்கும் அது வண்டி இல்ல, காலு.

அப்ப இந்த ரோடு ரெண்டு வண்டி எதிரெதிரா போற அளவுதான். ரெண்டு பக்கமும் புளியமரம். லாரியும் பஸ்ஸும் அறுபதைத் தாண்டாது. 2000-க்கு அப்புறம் ரோட்டை நாலு வழி ஆக்கினாங்க. மரம் போச்சு. நடுவுல சென்டர் மீடியன் வந்துச்சு. ஊரு ஒரு பக்கம், கழனி ஒரு பக்கம்னு எங்களை மாதிரி எத்தனையோ குடும்பத்தை அந்த மீடியன் ரெண்டா வெட்டிடுச்சு. ஒழுங்கா திரும்பணும்னா ஒன்றரை கிலோமீட்டர் போய் வரணும். அதனாலதான் எங்காளுங்க ராங் சைடுல வர்றாங்க. அது தப்புதான், நியாயப்படுத்தல. ஏன் வர்றாங்கன்னு மட்டும் சொல்றேன்.

ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்க. மீடியன் இடைவெளியில நின்னு கிளம்புற எக்ஸ்எல், புல்லுக்கட்டோட அந்தப் பக்க ஓரத்துக்குப் போக நாலு வினாடி ஆகும். அறுபதுல வர்ற லாரி நாலு வினாடியில 67 மீட்டர் வரும். நூறுல வர்ற கார் 110 மீட்டருக்கு மேல வந்துடும். அப்பா தாண்டுற வேகம் 1985-ல இருந்த அதே வேகம்தான். எதிர்ல வர்ற வேகம்தான் மாறிடுச்சு.

அப்போ வயசு ஒரு காரணமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. அதை மறைச்சா நான் பொய்யன்.

எனக்கே நாப்பத்தி ரெண்டுல வெள்ளெழுத்து வந்துடுச்சு. பூச்சிமருந்து பாட்டில்ல இருக்கிற எழுத்தைக் கண்ணாடி இல்லாம படிக்க முடியாது. அறுபது வயசுல கண்ணுக்கு உள்ள போற வெளிச்சம் இருபது வயசுல போறதுல சுமார் மூணுல ஒரு பங்குதானாம். எதிர் வண்டி வெளிச்சம் அடிச்சா கண்ணு தெளிய நேரமாகும். கண்புரை இருந்தா அந்த வெளிச்சம் சிதறி வட்டம் வட்டமாத் தெரியும். கழுத்து முழுசாத் திரும்பாது. ஒரு லைட்டு தூரத்துல தெரியும்போது அது எவ்வளவு வேகமா வருதுன்னு கணிக்கிறதுதான் வயசானா ரொம்பக் கஷ்டம். சின்ன வயசுக்காரங்க விபத்துல பெரும்பாலும் வேகம் இருக்கும். வயசானவங்க விபத்து பெரும்பாலும் சந்திப்புலயும் திரும்புற இடத்துலயும் நடக்கும். அதாவது எங்க மீடியன் இடைவெளி மாதிரி இடத்துல.

சட்டம் இதை எப்படிப் பாக்குதுன்னா, நம்ம நாட்டுல இத்தனை வயசுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சொந்த வண்டிக்கு ஒரு வரம்பு கிடையாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் 55 வயசு தாண்டினவங்களுக்கு லைசென்ஸை 5 வருஷத்துக்கு மட்டும் புதுப்பிப்பாங்க. எனக்கு 52-ல புதுப்பிச்சப்ப 60 வரைக்கும் குடுத்தாங்க. படிவம் 1ஏ-ன்னு ஒரு டாக்டர் சான்றிதழ் வேணும். நல்ல பகல் வெளிச்சத்துல 25 மீட்டர் தூரத்துல இருக்கிற நம்பர் பிளேட்டு தெரியுதான்னு அதுல ஒரு கேள்வி. மாலைக்கண் இருக்கான்னு ஒரு கேள்வி. நல்ல கேள்விங்கதான். எனக்குக் கையெழுத்துப் போட்ட டாக்டர் என் முகத்தை நிமிர்ந்தும் பாக்கல. காசு வாங்கினார், முத்திரை குத்தினார்.

ஜப்பான்ல வயசானவங்க அதிகம். அங்க 1998-லயே லைசென்ஸைத் தானா திருப்பிக் குடுக்கிற ஏற்பாடு வந்துடுச்சு. 75 தாண்டினவங்களுக்கு ஞாபக சக்தி, யோசிக்கிற திறன் எல்லாம் சோதிப்பாங்க. 2019 ஏப்ரல்ல டோக்கியோவுல 87 வயசு மனுஷர் ஒருத்தர் பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டார். ஒரு தாயும் அவங்க 3 வயசுப் பொண்ணும் செத்துப் போனாங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் சுமார் 6 லட்சம் பேர் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்தாங்க. அந்தக் குழந்தையை நினைச்சா யாரும் குடுக்கத்தான் தோணும். ஆனா அங்கயும் கிராமத்துல இருக்கிறவங்கதான் தவிச்சாங்க. பஸ்ஸு இல்லாத ஊர்ல லைசென்ஸைக் குடுத்துட்டா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது, கடைக்கு எப்படிப் போறது? எங்க அப்பா தோள்ல துண்டைப் போட்டு நடந்த மாதிரிதான்.

இன்னொரு கணக்கும் சொல்லிடறேன். 2022-ல இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,000-க்கு மேல. அதுல மூணுல ரெண்டு பங்கு 18-ல இருந்து 45 வயசுக்குள்ள. அந்த வயசுக்காரங்கதான் ரோட்டுல அதிகம் இருக்காங்க, அதையும் சேத்துப் பாக்கணும். ஆனாலும் எவனும் ஒரு இருபத்தஞ்சு வயசுப் பையனைப் பாத்து "இந்த வயசுல உனக்கு எதுக்குடா வண்டி"ன்னு கேட்டு நான் கேள்விப்பட்டதில்ல.

இதெல்லாம் யோசிச்சப்புறம் சாவியை எடுத்துக் குடுக்கல. முதல்ல அப்பாவைக் கண்ணு காட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணு நல்லா முத்திப் போயிருந்துச்சு. "எத்தனை நாளா லைட்டு வட்டமாத் தெரியுது?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "ரெண்டு வருஷமா"ன்னு சொன்னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ரெண்டு வருஷமா அவர் அந்த ரோட்டைத் தாண்டியிருக்கார், நான் அதே வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்கேன். "ஏம்பா சொல்லல?"ன்னு கேட்டேன். "சொன்னா சாவியைப் புடுங்கிடுவ"ன்னார்.

அந்தப் பதில்தான் இன்னும் மனசுல கெடக்கு. 'பெருசு'ன்னு கத்துறதும், சாவியை ஒளிச்சு வைக்கிறதும் கடைசியில ஒரே காரியத்தைத்தான் செய்யுது. பெரியவங்க தங்களோட குறையை நம்மகிட்ட சொல்லாம ஆக்கிடுது. சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே ஆபரேஷன் ஆகியிருக்கும்.

ஒரு கண்ணு முடிஞ்சு, மாசம் கழிச்சு இன்னொண்ணும் முடிஞ்சது. கட்டு அவுத்த மறுநாள் காலையில வாசல்ல நின்னு, மயிலம் கோபுரம் பளிச்சுன்னு தெரியுதுடான்னு சொன்னார். டாக்டரம்மா ஓட்டலாம்னு சொன்னப்புறம் அரிசி டப்பாவைத் திறந்தேன். மூணு விஷயம் பேசி வெச்சுக்கிட்டோம். பொழுது சாயறதுக்கு முன்னாடி வீடு திரும்பணும். வண்டியில ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கணும். புல்லுக்கட்டை நான் கொண்டு வருவேன். முதல் ரெண்டுக்கும் சரின்னார். மூணாவதுக்கு, "நீ கட்டுனா வழியெல்லாம் உருவிக்கிட்டே வரும்"னார். போன வாரம் ரெண்டு தடவை எனக்கு முன்னாடியே கட்டிக் கொண்டுவந்துட்டார். பொழுதோடத்தான் வந்தார், அதனால நான் ஒண்ணும் சொல்லல.

இன்னும் சில வருஷத்துல மூணு விஷயம் போதாம போகும். அப்ப சாவியை ஒளிக்காம நேருக்கு நேரா பேசணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருக்கேன். என் பையனும் ஒருநாள் என்கிட்ட அப்படித்தான் பேசணும்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்த வழியா வர்ற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டினதும் மிதிக்கத்தான் தோணும். மீடியன் இடைவெளியில ஒரு எக்ஸ்எல் நிக்கிறதைப் பாத்தா, ஹாரனுக்குப் போற கையை விட்டுட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. நாலு வினாடிதான் கேக்குறேன். அந்தப் பக்கம் போயிடுவார்.

ஊர்ல உங்க அப்பா, அம்மா இன்னும் வண்டி ஓட்டுறாங்கன்னா, இந்தத் தடவை போகும்போது ராத்திரியில லைட்டு வட்டமாத் தெரியுதான்னு கேளுங்க. சாவியைப் பத்திப் பேசாம கேளுங்க.