சோற்றை நீக்கிய மருத்துவம்

தாம்பரம் சானடோரியம் இன்று மின்ரயில் நிற்கிற ஓர் இடத்தின் பெயர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் நிலையத்தின் வைத்தியம் காற்று, ஓய்வு, சாப்பாடு. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டபோது, அரைவயிற்று உடலுக்குச் சோறு போடுவதும் மருத்துவமே என்ற ஒப்புதலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டதாக நான் வாசிக்கிறேன்.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இச்சொல்லாடலைக் கலைத்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறுபகுதியினர் தம் வீட்டில். இரு சாராருக்கும் ஓராண்டு ஐசோனியசிட், பாஸ். வீட்டிலிருந்தவர்கள் சாப்பிட்டது மோசமான சாப்பாடு, எடையும் குறைவாகத்தான் ஏறியது. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. படுக்கை கிடைக்காமல் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது விடுதலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ‘மாத்திரை இருந்தா போதும், சோறு முக்கியமில்லே’ என்பதாகவே அதிகாரம் இதைப் படித்துக்கொண்டது. ஆய்வு கேட்டதோ, மருந்து சாப்பிடுகிறவன் தேறுவானா என்றுதான். யாருக்கு நோய் வருகிறது என்றல்ல.

அந்தக் கேள்வியை 2019-இல் ஜார்க்கண்டில் தொடங்கிய ஓர் ஆய்வு எடுத்தது. நோயாளியின் வீட்டாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அவர்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-இல் லான்செட்டில் வந்தது. அரசு 2018-இலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. அதே பானையில் சாப்பிடுகிற வீட்டாரை மட்டும், நிக்ஷய் மித்ரா என்ற பெயரில், கொடையாளிகளின் தயவுக்கு விட்டிருக்கிறது.