ஊருணியும் ஊர்க் கட்டுப்பாடும்

இராமநாதபுரச் சீமையில் கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே ஊறுமாதலால், வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழையைத் தேக்கி, அடுத்த மழைவரை அதனையே அருந்துவதல்லாமல் அங்குள்ள ஜனங்களுக்கு நெடுங்காலம் வேறு மார்க்கம் இருந்ததில்லை. பாசனத்துக்குக் கண்மாய், குளிக்கவும் கால்நடைகளுக்கும் தனிக் குளம், குடிப்பதற்கென்றே ஊருணி எனப் பிரித்து வைத்த அவ்வூர்களின் ஏற்பாட்டில், குடிநீரில் கால் படலாகாது, துணி அலசலாகாது, மாடு இறங்கலாகாது என்னும் சுகாதார விதி, ஊர்க் கட்டுப்பாடாகவே நிலைபெற்றிருந்தது. வாயில்லா ஜீவன்களையும் தமிழ்நாட்டார் மறந்தாரில்லை. கிணற்றடியில் கல்தொட்டி அமைப்பதும், நீர்த்துறையருகே அவை தினவு தீர உராய்வதற்கு ஆவுரிஞ்சு கல் நாட்டுவதும் தருமமாகவே எண்ணப்பட்டன.

மழைநீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருமாதலால், பெண்டிர் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, அதில் நீரை ஊற்றி வைப்பர். கொட்டையிலுள்ள புரதம் முதலிய பொருள்கள் மண்துகள்களைத் திரட்டி அடியில் படியச் செய்ய, மேல்நீர் தெளிந்துவிடும். கலங்கிய நீரை விதைகொண்டு தெளிவிக்கும் இம்முறையைக் கலித்தொகைப் புலவரே அறிந்திருந்தனர்.

ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீராகிவிடாது. நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய் கண்டவர் புண்பட்ட காலுடன் படிக்கிணற்றில் இறங்கினால், புழுவின் குஞ்சுகள் நீரிலுள்ள நுண்ணிய தெள்ளுப்பூச்சிகளின் உடலிற் புகுந்து, அந்நீரை வடிகட்டாது அருந்தியவரைப் பற்றிக்கொள்ளும். நீரைத் துணியால் வடிகட்டும்படி மக்களுக்குப் போதித்தும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும் நடத்திய இயக்கத்தின் பயனாக, 1996-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2000-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அதனை உறுதிசெய்தது.

நோயினும் கொடியது, மாட்டை விலக்கிய கட்டுப்பாடு மனிதரையும் விலக்கியது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர், தம் உழைப்பும் கலந்த ஊர்களில் துறையிறங்க உரிமையின்றி, பிறர் ஊற்றும் நீருக்குக் குடமேந்திக் காத்திருந்தனர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாச் சாதியார்க்கும் உரியன என்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேறிய பின்னரும், பல ஊர்களில் அத்தடை உடனே நீங்கிவிடவில்லை.

இன்று காவிரி நீர் குழாய்வழி அச்சீமைக்கு வருகிறதெனினும், குழாய் வறளும் நாளில் ஊருணியே துணை. ஆதலின் அதனைத் தூர்வாரிக் காப்போர், நீரைக் காத்த பழைய விதியை மட்டும் மீட்டெடுத்து, மனிதரை விலக்கிய விதியை அடியோடு கைவிடல் வேண்டும்.