மனோரமா

மனோரமா (26 மே 1937 – 10 அக்டோபர் 2015): தமிழ் நாடக, திரைப்பட நடிகை, பின்னணிப் பாடகி. இயற்பெயர் கோபிசாந்தா. ரசிகர்களுக்கு 'ஆச்சி'. மன்னார்குடியில் பிறந்து, காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வளர்ந்தார். நாடக மேடைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்துப் பெயர் பெற்றார்; அண்ணாவுடனும் கருணாநிதியுடனும் மேடையேறியிருக்கிறார்.

கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் (1963) கதாநாயகியானார். ஆனாலும் நிலைத்தது நகைச்சுவைதான். நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில் ஜில் ரமாமணி தனித்துச் சொல்ல வேண்டிய பாத்திரம். சிவாஜி கணேசன், பத்மினி எதிரே நிற்கும்போதும், அந்த இழுவைப் பேச்சாலும் வெள்ளந்திச் சிரிப்பாலும் காட்சியைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். கேலிக்குரியவளாக அறிமுகமாகும் நாடகக்காரி, மெல்ல நம் மரியாதையைப் பெற்றுவிடுகிறாள். அதே ஆண்டு 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷையில் பாடி அசத்தினார். செட்டிநாடு, கொங்கு, சென்னை என எந்த வட்டாரப் பேச்சும் அவர் நாவில் அச்சு அசலாக வந்தது.

பிற்காலத்தில் அம்மா வேடங்கள். 'சின்னக் கவுண்டர்' (1992) எத்துப்பல் தாயை மறக்க முடியாது. 'புதிய பாதை' (1989) தேசிய விருதைத் தந்தது. 2002இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்த அவர், சென்னையில் காலமானார்.