கொரங்காடு

கொரங்காடு (கொறங்காடு எனவும் எழுதுவர்) என்பது கொங்கு நாட்டின் வறண்ட பகுதியில் உயிர்வேலி அடைத்து, மரமும் புல்லும் சேர்த்துப் பேணப்படும் தனியார் மேய்ச்சல் நிலம். திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களிலும், அவற்றை ஒட்டிய கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டப் பகுதிகளிலும் இது உள்ளது. காங்கேயம் காளையை அறியாத தமிழர் அரிது. அதை உருவாக்கிய நிலத்தின் பெயரை அறிந்தவரும் அரிது.

இப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் அதிகம் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரையில் எப்போதாவது பெய்யும் கோடை மழையுமே புல்லுக்கு ஆதாரம். கிணற்றுப் பாசனம் எட்டாத செம்மண், சரளை நிலத்தில் ஆண்டுதோறும் வெள்ளாமை வைத்து நஷ்டப்படுவதைவிட, புல்லை வளர்த்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் விடுவது மேல் என்று கண்டதன் விளைவே கொரங்காடு.

இதன் உறுப்புகள் மூன்று: கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம். கிளுவை முள்ளுள்ள குறுமரம். மழைக்காலத்தில் போத்து வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், வறட்சியில் இலையுதிர்த்துப் பிழைத்துக்கிடக்கும். வேலி அடர்த்தியாக இருந்தால் மேய்ப்பவர் இல்லாமலேயே மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வரலாம். இந்த முறையில் மிச்சமாகும் ஆள் கூலி சிறியதல்ல. ஆனால் ஒரே ஒரு சந்து விழுந்தாலும் அத்தனையும் வீண் என்பதால், ஆண்டுதோறும் வேலியைச் சுற்றிப் பார்த்துப் பழுதுபட்ட இடத்தில் புதுப் போத்து நடுவார்கள்.

கொழுக்கட்டைப் புல் பல்லாண்டுப் புல். கோடையில் செத்துவிட்டதுபோல் கருகிக் கிடந்தாலும் ஒரு நல்ல மழையில் தூர் துளிர்க்கும். இந்தத் துளிர்ப்பு வேரில் சேமித்த சத்தைக் கொண்டு நடப்பது. பச்சையைக் கண்டதும் மாட்டை அவிழ்த்துவிட்டால் தூர் மெலிந்து, சில ஆண்டுகளில் மாடு தொடாத களை அந்த இடத்தைப் பிடிக்கும். எனவே நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்றவற்றுக்கு ஓய்வு கொடுப்பர். மாடு மேய்ந்து முடித்த அடைப்பில் ஆடு விடுவதும் உண்டு. மாடு விட்ட அடிப்புல்லை ஆடு கடிக்கும். புல் கலைந்த நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, மானாவாரியாகச் சோளமோ கொள்ளோ விதைத்து, மீண்டும் புல்லுக்கே விடுவார்கள். சோளத்தட்டு போராகக் கோடைக்கு நிற்கும்.

வெள்வேலத்தின் காய்கள் புல் அடியோடு காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் பழுத்து உதிர்கின்றன. புரதம் மிகுந்த அந்தக் காயைத் தின்னும் ஆடுகள் விதையைப் புழுக்கையோடு பரப்புவதால் மரக்கன்றுக்குத் தனிச் செலவில்லை.

இந்த நிலத்தில் வளரும் காங்கேயம் மாட்டின் கன்று செந்நிறத்தில் பிறந்து, சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையின் திமிலும் கழுத்தும் கருக்கும். பால் குறைவு. உழவு, வண்டி, கவலை இறைப்பு (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்தல்) ஆகியவற்றுக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் இது. ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடை பற்றிய நூல் இதை விவரிக்கிறது. பொலிகாளைத் தேர்வில் பெயர்பெற்றவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர் என்னும் நிலக்கிழார் குடும்பத்தினர். சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணின் புல்லால்தான் மாட்டின் எலும்பு உறுதியானது என்பது உள்ளூரார் சொல். நிலத்துக்கு ஏற்ற மற்றொரு கால்நடை மேச்சேரி ஆடு. வறட்சி நீண்டால் முதலில் விற்கப்படுவது ஆடுதான். பசு மந்தை காப்பாற்றப்படும். ஆட்டை இங்கே சேமிப்புக் கணக்கு என்றே கொள்ளலாம்.

பின்னர் இந்த மாட்டுக்கு வேலை குறைந்தது. மின்மோட்டார் கவலை இறைப்பை ஒழித்தது. டிராக்டர் ஏரை ஒழித்தது. பால் வருமானம் கலப்பின மாட்டுக்குப் போனது. 2017 ஜனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் நாட்டு மாட்டுக்கு ஆர்வலர் கூடினர். ஆனால் அந்த ஆர்வம் காளையின் திமிலைத் தாண்டிப் புல்லுக்குப் பெரும்பாலும் வரவில்லை. புல்லுக்குக் குத்தகையும் ஒரு சிக்கல். நிலம் சொந்தமில்லாதவர்கள் கொரங்காட்டை ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் இங்குண்டு. ஓராண்டுக் குத்தகைக்காரருக்கு அடுத்த ஆண்டுப் புல்லைப் பற்றிக் கவலைப்படக் காரணம் குறைவு. வேலிப் பழுதையும் நிலக்காரர் பார்க்கட்டும் என்று விடுவார். பாகப்பிரிவினை வேறொரு சிக்கல். ஒரு கொரங்காடு நான்கு துண்டானால் ஒவ்வொன்றிலும் அடைப்பு மாற்ற இடமிருக்காது. ஆண்டு முழுதும் ஒரே அடைப்பில் மாடு நிற்கும். அங்கே முதலில் போவது கொழுக்கட்டைப் புல்.