பாலுவின் மண்கோப்பையும் ஐபிஎல் ஏலமும்

ஒவ்வோர் ஆண்டும் ஐபிஎல் தொடங்கும்போது கூடவே ஒரு புலம்பலும் தொடங்கிவிடுகிறது. 'இருபது ஓவர் ஆட்டம் வந்து உண்மையான கிரிக்கெட்டைக் கெடுத்துவிட்டது. பொறுமை போச்சு, நுட்பம் போச்சு, கண்ணியம் போச்சு' என்கிறார்கள். இதில் பாதியை நாமும் ஒப்புக்கொள்கிறோம். மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. அது பல்வங்கர் பாலுவின் வரலாறு.

சமார் சாதியில் பிறந்த பாலு, புனேயில் ஒரு பார்சி கிளப்பில் மாதம் மூன்று ரூபாய்க்கு மைதானத்தைக் கூட்டிப் பெருக்கி, ஆடுகளத்தில் உருளை இழுத்தவர். 1892 வாக்கில் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு நான்கு ரூபாய்ச் சம்பளத்தில் போனார். அங்கே துரைமார்களுக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்து வீசுவது அவர் வேலையாயிற்று. கிரெய்க் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்குத் தினமும் வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தைத் தீட்டிக்கொண்டார். ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை என்று பின்னாளில் தன் மகனிடம் சொல்லியிருக்கிறார். மட்டை பிடிப்பவர் எஜமானர், பந்து வீசுபவர் கூலி. 'கண்ணியமான ஆட்டம்' அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற ஆசையில் புனே இந்துக்கள் பாலுவைத் தங்கள் அணியில் சேர்த்தார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறியும் மண்கோப்பை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. பந்தில் ஒட்டாத தீட்டு கோப்பையில் மட்டும் எப்படி ஒட்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு விக்கெட் வீழ்த்துபவர் குறைந்திருப்பார்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ஓட்டங்களில் வென்றது. அந்த அணியின் பந்துவீச்சுக்கு முதுகெலும்பு பாலு. 1911இல் இங்கிலாந்து சென்ற முதல் அகில இந்திய அணிக்குப் பாட்டியாலா மகாராஜா தலைவர். அந்த அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். அப்படியிருந்தும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவே இல்லை. 1920இல் தம்பிகள் விட்டலும் சிவராமும் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து அணியைவிட்டு விலகிப் போராடினார்கள். அதன் பலனாக 1923இல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டதைத் தம்பி போராடிப் பெற்றார். பின்னாளில், 1937 தேர்தலில், பாலு காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அந்த அரசியலை நாம் ஏற்கவில்லை. அதற்காக அவருடைய பந்துவீச்சை மறக்கவும் முடியாது.

இந்தக் கதையை இப்போது ஏன் சொல்கிறோம்? நீண்ட ஆட்டத்தில் சாதி இருந்தது. அதே நீண்ட ஆட்டம்தான் பாலுவின் உழைப்பை மறைக்க முடியாதபடி வெளியே கொண்டுவந்தது. நாள் முழுக்க வீசி விக்கெட்டுகளைச் சாய்த்த ஒருவரை எந்தத் தேர்வாளராலும் ஒதுக்க முடியவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளருக்கு நான்கு ஓவர், அதாவது 24 பந்து. 2023இல் வந்த 'இம்பேக்ட் பிளேயர்' விதியால் கூடுதலாக ஒரு மட்டையாளரை இறக்க முடிகிறது. 2024இல் பெங்களூருவுக்கு எதிராக ஹைதராபாத் 20 ஓவரில் 287 ஓட்டங்கள் குவித்தது. பந்துவீச்சாளர்களும் கோடிகளில் விலைபோகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பொறுமையாக உழைத்து ஒருவரை வீழ்த்தும் கலைக்கு அங்கே நேரமில்லை.

பணம் எங்கே போகிறது என்றும் பார்ப்போம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. கொரோனா காலத்தில் 2020இல் ஐபிஎல் அமீரகத்துக்குப் போய் நடந்தது. ஆனால் 1934இல் தொடங்கி உலகப் போரின்போதுகூட நிற்காத ரஞ்சிக் கோப்பை 2020-21இல் முதல்முறையாக ரத்தானது. ரஞ்சியை நம்பிப் பிழைக்கும் ஆட்டக்காரர்கள் வருமானமின்றி நின்றார்கள். 2021இல் உயர்த்திய பிறகும், அனுபவம் மிக்க ஆட்டக்காரருக்கே நாளொன்றுக்கு 60,000 ரூபாய்தான். ஐபிஎல் ஏலத்தில் தொடக்க விலையே 30 லட்சம். இளைஞர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஓடுபவர்களை நாம் குறை சொல்லமாட்டோம்.

ஏனென்றால் குறுகிய ஆட்டம் நமக்குப் புதிதல்ல. இங்கிலாந்து 2003இல் டி20 போட்டியைத் தொடங்கும் முன்பே நம் காலனிகளில் எட்டு ஓவர், பத்து ஓவர் டோர்னமென்ட்கள் நடந்துகொண்டிருந்தன. தோல் பந்துக்கும் கால்காப்புக்கும் காசில்லை. நான்கு நாள் ஆட வேலையும் விடாது. அதனால் ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து. ஊர் மைதானத்தில் 'உங்க ஆளுங்க அந்தப் பக்கம் போய் ஆடுங்க' என்று விரட்டினால் ஏரிக்கரை. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிய நடராஜன் டிஎன்பிஎல், ஐபிஎல் வழியாக 2021இல் பிரிஸ்பேன் டெஸ்ட் வரை போனார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குறுகிய ஆட்டம் ஒரு கதவைத் திறந்தது. அதை மறுப்பது நேர்மையல்ல.

ஆனால் ஒரு கதவு திறந்ததை வைத்து வீடே நமக்குத் திறந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. டெஸ்ட் ஆடிய 290 இந்திய ஆண்களில் தலித்துகள் என்று அறியப்பட்டவர்கள் நால்வர் மட்டுமே என்று 2018இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வந்த கட்டுரை சொன்னது. தென்னாப்பிரிக்காவில் தேசிய அணியில் சராசரியாக ஆறு பேராவது வெள்ளையரல்லாதவராக இருக்க வேண்டும், அதில் இருவராவது கருப்பின ஆப்பிரிக்கராக இருக்க வேண்டும் என்று 2016இல் இலக்கு வைத்தார்கள். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்டாலே 'விளையாட்டில் சாதியைக் கொண்டுவராதே' என்கிறார்கள். சாதியைக் கொண்டுவந்தது நாமா? மண்கோப்பையை நீட்டியவர்களா?

இனி அணிகள் தனியார் சொத்து. 'எங்கள் பணம், எங்கள் தேர்வு' என்று சொல்லிவிடுவார்கள். பழைய ஜிம்கானாவிடம் விட்டலால் சண்டை போட முடிந்தது. ஏலம் எடுப்பவரிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

ஆகவே நம் கோரிக்கை பழைய ஆட்டத்தை மீட்பதல்ல, புதிய ஆட்டத்தைத் தடுப்பதுமல்ல. வாரியம் ஈட்டும் கோடிகளில் ஒரு பங்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வர வேண்டும். ஆடுகளமாக, தோல் பந்தாக, பயிற்சியாளராக வர வேண்டும். மாநிலச் சங்கங்கள் தாங்கள் தேர்வு செய்யும் பிள்ளைகளின் சமூகக் கணக்கை வெளியிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் நான்கு நாள் ஆட நேரமும் வசதியும் கிடைக்கட்டும். நாள் முழுக்கப் பந்து வீச நமக்குத் தெரியும் என்பதைப் பாலு நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார்.