மறந்ததால் பிழைத்த ஸ்டேஷன்

இந்தியாவிலேயே ரொம்பப் பழைய ரயில்வே ஸ்டேஷன் கட்டடம் எது? சென்னைக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'மும்பையில இருக்கும்' என்பார். இல்லையென்றதும், 'அப்ப கல்கத்தா?' என்பார். 'நம்ம ராயபுரம் சார்!' என்று சொன்னால் நம்பமாட்டார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் நடந்தே பார்த்துவிடலாம். ராயபுரத்தில் தொடங்கி சென்ட்ரல் வழியாக எழும்பூர். மொத்தம் ஆறு கிலோமீட்டர்தான். தண்ணீர் பாட்டில் அவசியம்.

ராயபுரம் ஸ்டேஷனின் முகப்பில் உயரமான தூண்கள். ஏதோ துரையின் பங்களாவுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். கவர்னர் ஹாரிஸ் பிரபு 1856-ல் இதைத் திறந்துவைத்தார். அந்த ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சுமார் 100 கிலோமீட்டர். அதுவரை மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன தூரம்!

அது சரி, ஏன் ராயபுரம்? அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகுகளில்தான் சரக்கு கரைக்கு வரும். கரையை ஒட்டி ஜார்ஜ் டவுன் வியாபாரிகள், பக்கத்தில் கோட்டை. சரக்கும் பணமும் அதிகாரமும் எங்கே இருந்ததோ, அங்கேயே தண்டவாளத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ராஜாஜி சாலையில் தெற்கே நடந்தால் பீச் ஸ்டேஷன். 1931-ல் இங்கிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் ஆபீஸ் போகிறவர்களின் ஊராக மாறியதில் இந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. மீட்டர்கேஜ் ரயில் 2004-ல் விடைபெற்றது.

அப்படியே ஐகோர்ட்டைத் தாண்டி, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாக சென்ட்ரலுக்கு வந்துவிடலாம். 1873-ல் இந்த ஸ்டேஷன் வந்ததும் ராயபுரத்தின் செல்வாக்கு சரிய ஆரம்பித்தது. கூட்டம் இங்கே வந்துவிட்டது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த கட்டடத்தில், ராபர்ட் சிஸ்ஹோம் மாற்றங்கள் செய்தார். மணிக்கூண்டோடு முழு உருவம் கிடைக்க 1900 ஆகிவிட்டது. பக்கத்திலேயே புறநகர் ரயில் நிலையம். 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்கிறோமே, நிஜ மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது. பழைய புத்தகக்காரர்களின் சொர்க்கம். 1985-ல் தீக்கிரையானது. இன்றைக்குப் பெயர் மட்டும் மிச்சம்.

கடைசியாக எழும்பூர். வழியில் பார்த்த ஐகோர்ட்டுக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவரான ஹென்றி இர்வின்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். கட்டிமுடித்த கான்ட்ராக்டர் சாமிநாத பிள்ளை. 1908-ல் திறந்தார்கள். 1914 முதல் இங்கே ரயிலேறி தனுஷ்கோடிக்குப் போய், கப்பல் மாறி தலைமன்னாரில் இறங்கி, கொழும்புவரை போக முடிந்தது. 'போட் மெயில்' என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோய்விட்டது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853-ல் மும்பை போரி பந்தரிலிருந்து கிளம்பியது. ஹௌராவில் 1854-ல் ரயில் வந்தது. அந்த ஆரம்பகாலக் கட்டடங்கள் எங்கே? கூட்டம் பெருகப் பெருக, பழசு போய்ப் பெரிய கட்டடங்கள் எழுந்தன. ராயபுரத்திலோ கூட்டமே போய்விட்டது. இடித்துப் பெரிதாகக் கட்டவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. கவனிப்பாரில்லாமல் கிடந்ததாலேயே அது பிழைத்தது! 2005-ல்தான் பழுதுபார்த்து மெருகேற்றினார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் வந்து திறந்துவைத்தார்.

ஆனால், வடசென்னைக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொல்லிப் பாருங்கள். 'கட்டடம் இருக்கு சார், எக்ஸ்பிரஸ் வண்டி எங்கே?' என்பார். ராயபுரத்தை டெர்மினலாக்கவேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. மூன்றாவது டெர்மினல் என்ற அந்தஸ்து தாம்பரத்துக்குப் போய்விட்டது. பெட்டி, படுக்கையோடு சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் அலைகிறவர்களிடம் போய், 'பாரம்பரியம்... தொடாதீர்கள்!' என்று சொல்வது நியாயமில்லை. அதற்காக, மூர் மார்க்கெட் மாதிரி இதுவும் பெயரளவில் மிஞ்சினால், அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

இரண்டையும் சேர்த்தே செய்யமுடியும். கட்டடத்தைச் சுற்றி ரயில்வேயின் நிலம் இருக்கிறது. புதிய பிளாட்பாரங்கள் அங்கே வரட்டும். 1856-ன் தூண்களுக்கு நடுவே மறுபடியும் பயணிகள் பெட்டியோடு உட்காரட்டும். காத்திருக்கத்தானே அதைக் கட்டினார்கள்!